பிரமிளை ஏரிக்கரையில் மறுபடி படித்தது

போன பொங்கலுக்குப் பழவேற்காட்டில் எங்கள் வீட்டுப் பரணை ஒழித்தோம். என் காலேஜ் பெட்டியில் இரண்டு தெர்மோடைனமிக்ஸ் நோட்டு, ஒரு கால்குலேட்டர், கரையான் தொடாமல் தப்பித்த ஒரே புத்தகம்: 'பிரமிள் கவிதைகள்'. கால சுப்ரமணியம் தொகுத்து 1998இல் வந்தது. நான் அதை 1999இல், பி.இ. இரண்டாம் வருஷத்தில், ஹாஸ்டல் நண்பனிடமிருந்து இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் விட்டேன். உப்புக்காற்றில் தாள் பழுத்து, புரட்டினால் ஒடிகிறது.

பக்க ஓரமெல்லாம் என் பத்தொன்பது வயதுக் கையெழுத்து. "தரிசனம்!!" என்று நாலு இடத்தில். "ஆஹா" எத்தனை என்று எண்ணவில்லை. ஒரு பக்கத்தின் அடியில் பச்சை மையில், "மத்தவன் எழுதுறதெல்லாம் குப்பை". படித்ததும் காது சூடாகிவிட்டது. அந்த 'மத்தவன்' லிஸ்டில் யார் யார் இருந்தார்கள் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கள் பெரியப்பாவும் அதில் இருந்தார். அது பிறகு வரும்.

பிரமிளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1939இல் திருகோணமலையில் பிறந்தவர். தருமு சிவராமு என்ற பெயரில் எழுத ஆரம்பித்தார். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கிய 'எழுத்து' பத்திரிகைதான் அவரைத் தமிழ்நாட்டுக்கு அறிமுகம் செய்தது. 1962இல் செல்லப்பா போட்ட 'புதுக்குரல்கள்' தொகுப்பிலும் இருக்கிறார். அப்புறம் இந்தியா வந்தவர் வந்தவர்தான். 'கண்ணாடியுள்ளிருந்து' 1972இல், 'கைப்பிடியளவு கடல்' 1976இல், 'மேல்நோக்கிய பயணம்' 1980இல். கவிதை, விமர்சனம், கதை, நாடகம், ஓவியம் எல்லாவற்றிலும் கை வைத்தார். எண்கணிதத்தில் நம்பிக்கை வைத்துப் பெயரை மாற்றி மாற்றி எழுதினார். லைப்ரரியில் இவரைத் தேடுவது இன்றைக்கும் ஒரு டேட்டா கிளீனிங் வேலை. 1997 ஜனவரியில் இறந்தார். வேலூர் பக்கம் கரடிக்குடியில் அடக்கம். நான் அவரைப் படிக்க ஆரம்பித்தபோது அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அந்த வயதில் எனக்கு அவரிடம் பிடித்தது அவர் புரியாமல் இருந்ததுதான். இதைக் கூச்சமில்லாமல் ஒத்துக்கொள்கிறேன். குப்பத்திலிருந்து இஞ்சினியரிங் காலேஜுக்குப் போன பையனுக்கு இங்கிலீஷ் வகுப்பில் வாய் திறக்காது. அவன் கையில், வகுப்பில் யாருக்குமே புரியாத ஒரு தமிழ்ப் புத்தகம் இருந்தால் அது பெரிய ஆயுதம். 'கண்ணாடியுள்ளிருந்து' என்ற நெடுங்கவிதையை மெஸ்ஸில் சத்தமாகப் படிப்பேன். கேட்டவன் முழித்தால் எனக்குச் சந்தோஷம்.

இந்த முறை அதே கவிதையைப் பொறுமையாக, பென்சிலை வைத்துக்கொண்டு படித்தேன். சில இடங்கள் இன்னும் அப்படியே நிற்கின்றன. பல இடங்களில் பெரிய பெரிய சமஸ்கிருதச் சொற்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன. யாரும் எதையும் பார்ப்பதில்லை, தொடுவதில்லை. பத்தொன்பது வயதில் இதை ஆழம் என்று நினைத்தேன். ஏரிக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்: தண்ணி கலங்கியிருந்தால் ஆழம் தெரியாது, அவ்வளவுதான்.

ஆச்சரியம் வேறு இடத்தில் காத்திருந்தது. அப்போது நான் வேகமாகத் தாண்டிப் போன ஒரு சின்னக் கவிதை, விடியலைப் பற்றியது. அவருடைய ஆரம்பகாலக் கவிதைகளில் ஒன்று. பள்ளிப் பாடம் படித்தவர்கள் நவீன கவிதைக்கு உதாரணம் என்று எங்காவது பார்த்திருக்கலாம். விடியலுக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர் வைத்துக்கொண்டே போகிறது, வேறொன்றும் செய்வதில்லை. தோலில் படரும் நிறமாற்றம் என்கிறது. பூ என்கிறது, கிருமி என்கிறது, கடைசியில் குருவி. நடுவில் 'போல' கிடையாது, 'ஆகையால்' கிடையாது.

'போல' இல்லாததைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உவமையில் இரண்டு பொருள்கள் தனித்தனியாக நிற்கும், நாம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம். என் வேலைப் பழக்கத்தில் சொன்னால் அது கம்பேரிசன். உண்மை அல்லது பொய் என்று ஒரு விடை வரும், இரண்டு பக்கமும் மாறாது. பிரமிள் செய்வது அசைன்மென்ட். விடியல் என்ற பெயருக்குள் ஒரு மதிப்பை வைக்கிறார். அடுத்த வரியில் அதை அழித்து இன்னொன்றை வைக்கிறார். கடைசி மதிப்பு என்னவோ அதுதான் மிச்சம். அதனால் வரிசை முக்கியம். கிருமியில் ஆரம்பித்துப் பூவில் முடித்திருந்தால் வாழ்த்து அட்டைக் கவிதையாகப் போயிருக்கும். பூவுக்குப் பிறகு கிருமி வருகிறது, அதைப் படித்த கண்ணோடுதான் குருவியைப் பார்க்கிறோம். குருவி அதனால் வெறும் அழகாக இல்லை, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. 'எழுத்து' காலத்தில் படிமம் படிமம் என்று அவ்வளவு பேசினார்களே, அதற்கு இதைவிடச் சுத்தமான சோதனை எனக்குத் தெரியாது.

ஆனால் என்னை உட்காரவைத்தது முதல் படிமம். தோலில் தெரியும் அந்த நிறமாற்றம். அதை நான் 1999இல் 'அதிர்ச்சி மதிப்பு' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். நோயைப் போய் விடியலுக்குச் சொல்கிறாரே, என்ன துணிச்சல் என்று!

மறுநாள் காலை ஐந்தரைக்கு ஏரிக்கரைக்குப் போனேன். பழவேற்காடு ஏரியைப் பார்க்காதவர்கள் அதை ஆழமான நீர்நிலை என்று நினைத்துவிடுவார்கள். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி இதுதான், ஆனால் சராசரி ஆழம் சுமார் ஒரு மீட்டர். நடு ஏரியிலேயே பல இடங்களில் இறங்கி நிற்கலாம். கிழக்கே மணல்திட்டு, அதற்கு அந்தப் பக்கம் கடல். வெளிச்சம் திட்டைத் தாண்டி வரும்போது தண்ணியில் ஒரே சீராக விழாது. லேசான காற்று தொட்ட இடம் ஒரு நிறம், தொடாத இடம் ஒரு நிறம். சேறு மேலே ஏறிய இடம் வேறு. திட்டுத் திட்டாக, ஓரம் சரியாக முடியாமல், மெதுவாகப் படர்ந்துகொண்டே வரும். நைனா உயிரோடு இருந்தபோது இந்தத் திட்டுகளைப் பார்த்துத்தான் மடவை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்வார். எனக்கு அந்தக் கண் வரவில்லை. ஆனால் அங்கே நின்றபோது ஒன்று தெரிந்தது: பிரமிள் அதிர்ச்சிக்காக எழுதவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறார். கிழக்குப் பார்த்த கரையில் வளர்ந்தவன் கண் அது. தேமல் என்ற சொல்லை நம் வீட்டுப் பெண்கள் ரொம்ப சாதாரணமாகச் சொல்வார்கள். அந்தச் சாதாரணச் சொல்லை எடுத்துப் பூமி மேல் வைத்ததுதான் சோதனை.

இதற்கப்புறம் புத்தகத்தை வேறு மாதிரி படிக்க ஆரம்பித்தேன். எங்கெல்லாம் அவர் பார்க்கிறார், எங்கெல்லாம் அறிவிக்கிறார் என்று பிரித்துக்கொண்டு.

'கைப்பிடியளவு கடல்' என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டலில் நாங்கள் இதை முரண்பாடு, தத்துவம், எல்லையற்றது எல்லைக்குள் என்று அரைமணி நேரம் பேசியிருக்கிறோம். எங்கள் ஏரியில் பெண்கள் கழுத்தளவுத் தண்ணியில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. அவர்களுக்குக் கடல் என்பது கையில் எவ்வளவு அகப்படுகிறதோ அவ்வளவு. தலைப்பில் இருக்கும் தத்துவத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் அதில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையை விட்டுவிட்டுத்தான் நாங்கள் அரைமணி பேசினோம்.

இனி இறகு. பிரமிள் என்றாலே எல்லோரும் சொல்வது 'காவியம்' என்ற அந்தச் சின்னக் கவிதை. ஒற்றை இறகு காற்றில் போவது. ஒரு டஜன் சொற்களைத் தாண்டாது, தலைப்போ காவியம். நான் அதை மரணக் கவிதையாகவே மனப்பாடம் செய்திருந்தேன். 2003இல் நைனா போனபோது அதைத்தான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பறவை போய்விட்டது, எழுத்து மட்டும் மிச்சம் என்று.

இப்போது சொல் சொல்லாகப் பார்த்தேன். பறவை செத்தது என்று கவிதையில் எங்கேயும் இல்லை. நானேதான் சேர்த்துக்கொண்டேன். இறகு உதிர்வதற்குப் பறவை சாக வேண்டியதில்லை. எங்கள் ஏரிக்குக் குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் பூநாரை வருகிறது. வண்டி பிடித்துப் பார்க்க வருகிறவர்கள் ரோஸ் கலர் இறகு கிடைக்குமா என்று தேடுவார்கள். பூநாரையின் பறக்கும் இறகு கருப்பு. இறக்கையை விரித்தால்தான் அது தெரியும். சேற்றில் கருப்பாக ஒன்று கிடந்தால் காக்கா இறகு என்று விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எல்லாப் பறவையும் பழைய இறகைக் கழித்துப் புதுசு போட்டுக்கொள்ளும். எங்கள் ஆயா அப்படிக் கிடைத்ததைப் பொறுக்கி வைத்துக் காது குடைவாள்.

அப்படியானால் கவிதை என்ன ஆகிறது? பறவை எங்கேயோ உயிரோடு பறந்துகொண்டிருக்கலாம். தன் வாழ்க்கை வேறிடத்தில் எழுதப்படுகிறது என்பது அதற்குத் தெரியாது. எழுதுகிற இறகுக்கும் பறவையோடு இனித் தொடர்பில்லை. யாரும் படிப்பதாகவும் கவிதை சொல்லவில்லை. வினை நிகழ்காலத்தில் நிற்கிறது, முடிந்துபோன ஒன்றைப் பற்றிய பேச்சே இல்லை. இரங்கல் கவிதையாகப் படிக்கும்போது இதெல்லாம் மங்கிப்போகிறது. இரங்கல் ஆறுதல் தரும், இது தருவதில்லை. எனக்கு இப்போது இது இன்னும் கடுமையான, இன்னும் நல்ல கவிதை. நைனாவுக்காக நான் அதைச் சொன்னது தப்பு என்று இல்லை, ஆனால் நான் சொன்னது வேறு கவிதை.

நேர் எதிராக, ஐன்ஸ்டீனின் ஆற்றல் சமன்பாட்டையே தலைப்பாக வைத்த கவிதை. சூரியன், ஐன்ஸ்டீன், அணு எல்லாம் வரும். இஞ்சினியரிங் பையனுக்கு அது வேதம். கவிதையில் ஃபார்முலா! ஹாஸ்டல் சுவரில் எழுதியே வைத்திருந்தேன். தமிழில் அப்போது அது பெரிய சோதனை என்பதில் இன்றும் எனக்குச் சந்தேகமில்லை. அறிவியலைச் செய்தியாகச் சொல்லாமல் புராணம் மாதிரி சொல்லிப் பார்த்தவர்கள் குறைவு. அதன் தொடக்கத்தில் வரும் சூரியன் நிஜமாகவே மிரட்டுகிறது. ஆனால் சமன்பாடு வந்ததும் கவிதை கை கட்டி நின்றுவிடுவது போல எனக்குத் தோன்றுகிறது. சமன்பாட்டின் பெருமையைக் கடன் வாங்கிக்கொள்கிறது.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் ஓரவஞ்சனை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு வடகிழக்கே ஸ்ரீஹரிகோட்டா. 1994 அக்டோபரில் பி.எஸ்.எல்.வி. முதல் தடவை வெற்றியாகப் போனபோது நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். முதலில் புகைக்கோடு, சத்தம் ரொம்ப நேரம் கழித்து. ஏவும் நாளில் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். எங்களுக்கு விண்வெளி என்றால் ஒரு நாள் பாடு போனது, கூடவே மயிர்க்கூச்செறியும் ஒரு காட்சி. இரண்டும் ஒன்றாகத்தான் வரும். பிரமிளின் கவிதையில் காட்சி மட்டும் இருக்கிறது.

சரி, பெரியப்பா.

பிரமிளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவருடைய விமர்சனம் சவுக்கடி. வெங்கட் சாமிநாதனோடும் சுந்தர ராமசாமியோடும் நட்பாயிருந்து, பிறகு போட்ட சண்டைகள் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சிலது அவசியமான சண்டை. யாரும் சாதியைப் பற்றி வாய் திறக்காத இடத்தில் அவர் திறந்தார். சிலது வெறும் வன்மம், கூர்மையான தமிழில் எழுதப்பட்டதால் நாம் ரசித்துவிடுகிறோம். யார் முதலில், யார் பெரிசு என்கிற வழக்கு. எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவனுக்கு நாளைக்கு வேறு இடம். சிறுபத்திரிகை உலகத்தில் பாடு கிடையாது, எல்லோருக்கும் எப்போதும் அதே இடம்தான் வேண்டும்.

நான் அவரிடம் கவிதையைவிடச் சீக்கிரமாகக் கற்றுக்கொண்டது அந்த இளக்காரத்தை. பெரியப்பா பெரிய வலை இழுக்கும்போது அம்பா பாடுவார். முன்னால் ஒரு வரி அவர், பின்னால் எல்லோரும். லீவுக்கு வந்திருந்த நான் ஒரு சாயங்காலம், நாலு பேர் முன்னால், "இதெல்லாம் கவிதையா பெரியப்பா, சும்மா சத்தம்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "நாங்க படிச்சவங்களாடா" என்று சிரித்தார். அதற்கப்புறம் நான் பக்கத்தில் நின்றால் பாட மாட்டார். சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகும் மோட்டாரும் நிறைய வந்தன, பெரிய வலைக்கு ஆள் சேர்வது குறைந்தது. 2011இல் அவர் இறந்தார். அந்த வருஷம் என் பையில் குரல் பதிவு செய்கிற போன் இருந்தது. நான் அதில் ஆஃபீஸ் மெயில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை ஏன் ஒரு கவிதை விமர்சனத்தில் சொல்கிறேன் என்றால், அந்த விடியல் கவிதையை இந்தத் தடவை வாய்விட்டுப் படித்தேன். யாப்பை உடைத்தவர் என்று சொல்கிறோமே, அந்தக் கவிதையில் தாளம் கிட்டத்தட்ட உடையவே இல்லை. ஒவ்வொரு படிமமும் இரண்டு துண்டாக வருகிறது, முன் துண்டு ஏற்றம், பின் துண்டு விழுதல். அடுத்ததும் அதே அளவு. ஒரு இழுப்பு, ஒரு மூச்சு. மறுபடி ஒரு இழுப்பு. அம்பாவில் பாடுகிறவர் ஒரு பொருளின் பெயரைச் சொல்வார், கயிறு ஒரு முழம் வரும். இன்னொரு பெயர், இன்னொரு முழம். அர்த்தத்தைக் கோர்க்க அங்கேயும் 'ஆகையால்' கிடையாது, கயிறுதான் கோர்க்கிறது. சும்மா சத்தம் என்று நான் சொன்ன அதே சத்தத்தின் மேல்தான் நான் வேதம் என்று சொன்ன கவிதையும் நடக்கிறது. பிரமிள் அம்பாவைக் கேட்டு எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை, அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. மரபின் காது அவரிடம் கடைசிவரை இருந்தது என்பதற்கு அவர் கவிதைகளே சாட்சி. எனக்குத்தான் அந்த வயதில் காது இல்லை, கண்ணும் மை பூசிய பேனாவும் மட்டும் இருந்தன.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முந்தின நாள் பெரியம்மாவிடம் போய், பெரியப்பா பாடினதில் ஏதாவது நினைவிருக்கா என்று கேட்டேன். "எனக்கேதுடா தெரியும், ஆம்பிளைங்க பாடினது" என்றாள். பிறகு மீன் ஆய்ந்துகொண்டே இரண்டு வரி சொன்னாள், மூன்றாவதில் நின்றுவிட்டாள். அந்த இரண்டை எழுதி வைத்திருக்கிறேன். பதிலுக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல், அந்த விடியல் கவிதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அரிவாள்மனையிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டாள். முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி.

"இது எந்த மாசம்டா? வாடையிலயா, கோடையிலயா?"

நான் மறுபடி புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். மாசம் போடவில்லை. "எழுதினவர் திருகோணமலைக்காரர் பெரியம்மா. அங்கேயும் நம்மள மாதிரி கிழக்குப் பார்த்த கடல்தான்" என்றேன்.

"அப்ப தையா இருக்கும்" என்றாள். "தையிலதான் தண்ணி அப்படி தேமலா கெடக்கும்."